கூட்டில் சிக்கனம், வால்தண்டில் செலவு: கைவீச்சுக் கிளைடருக்கு உடல் கட்டும் வழிகள்

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி போன மாதம் ஷொப்பிங் பேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். பைக்குள் அவனுடைய கிளைடரின் உடல், மூன்று துண்டாக. செட்டை தப்பிவிட்டது, வாலும் தப்பிவிட்டது. இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் உடல்தான் வயல் வரம்பில் மோதிப் போய்விட்டது. "அண்ணா, மோல்ட் ஒண்டு செய்து வார்ப்பமா, இல்லாட்டி வெளியில இருந்து எடுப்பிப்பமா?" என்று கேட்டான். அந்த இரண்டைத் தவிர வேறு வழியும் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கி, தேத்தண்ணீர் இரண்டு தரம் ஆறிவிட்டது. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவனுடையது கைவீச்சுக் கிளைடர், எஞ்சின் இல்லாமல் ரேடியோவால் ஓட்டும் சிறு மாதிரி விமானம். செட்டை நுனியில் நிற்கும் சிறு முளையை இரண்டு விரலால் பற்றி, பரிதிவட்டம் எறிபவரைப் போல ஒரு சுற்றுச் சுற்றி வானத்துக்கு விடுவது. பழகிய கை 50 மீற்றருக்கு மேலே கொண்டுபோய்விடும். உலகப் போட்டி விதியில் இந்த வகுப்புக்கு எஃப்3கே என்று பெயர். செட்டை விரிவு 1500 மில்லிமீற்றரையும் எடை 600 கிராமையும் தாண்டக்கூடாது. நடைமுறையில் யாரும் 600 இன் பக்கத்துக்கே போவதில்லை. கையால் கட்டியது 250 தொடக்கம் 280 கிராமுக்குள் நின்றால்தான் காற்று மந்தமான நாளில் மிதக்கும். கொழும்பில் இருப்பவனுக்கு இந்த வகை ஏன் பொருத்தம் என்றால், ஏற்றிவிட மலைச்சரிவும் இல்லை, நீளமான றப்பர் கயிறு இழுக்க இடமும் இல்லை. கொழும்புக்கு வெளியே அறுவடை முடிந்த ஒரு வயல் போதும். ரத்மலானை விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்பதை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, எந்த வழி என்று பார்க்க முதல் தராசை எடுக்க வேண்டும்.

உடல் என்று ஒரு சொல்லில் சொன்னாலும் அது இரண்டு சாமான். முன்னால் சேர்வோவும் (வால் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டர்) பற்றரியும் ரிசீவரும் (ரேடியோ அலையை வாங்கும் பெட்டி) குந்தியிருக்கும் கூடு. பின்னால் வாலைத் தாங்கும் ஒல்லியான குழாய், வால்தண்டு என்போம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு "உடல் எத்தனை கிராம்?" என்று கேட்கும்போதே கணக்குப் பிழைத்துவிடுகிறது.

தம்பியின் விமானத்தில் புவியீர்ப்பு மையத்திலிருந்து மூக்கு நுனி 260 மில்லிமீற்றர், வால் 650 மில்லிமீற்றர். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டரைக் கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆக, விமானம் மூன்றரைக் கிராம் பாரமாகிறது. கூட்டில் இது வேறு மாதிரி. கூட்டின் எடை மையத்துக்கு முன்னால், சராசரியாக 120 மில்லிமீற்றர் தூரத்தில் கிடக்கிறது. அங்கே 8 கிராம் கூடினால் மூக்கு ஈயத்தில் கிட்டத்தட்ட 4 கிராமைக் கழற்றிவிடலாம். நுனியிலேயே கூடினால் முழுதும் ஈயத்தில் கழிந்துவிடும். நான் இதுவரை கட்டிய ஐந்தில், மூக்கில் ஈயம் கேட்காதது ஒன்றும் இல்லை. பிறகென்ன, கூட்டில் ஐந்து கிராம் மிச்சம் பிடிக்க ஒரு மாதம் மினக்கெட்டு, கடைசியில் மீன்பிடிச் சாமான் கடையில் ஈயக்குண்டு வாங்கி அதே இடத்தில் ஒட்டுகிறோம்!

ஆகவே என் கட்சி இதுதான்: கூட்டை மலிவாக, பலமாக, கொஞ்சம் அவலட்சணமாகச் செய்யலாம். காசையும் கவனத்தையும் வால்தண்டில் போட வேண்டும். இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

முதலாவது, பல்சாப் பெட்டி. பல்சா என்ற இலேசு மரத்தின் 3 மில்லிமீற்றர் பலகையில் நாலு பக்கம், உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகைத் தடுப்பு. 400 மில்லிமீற்றர் நீளக் கூட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 520 சதுர சென்டிமீற்றர். மரம் மட்டும் 20 கிராம், பசையும் ஒட்டுப்பலகையும் மேற்பூச்சும் சேர்ந்தால் 35. ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும், மணமில்லை, தூசி குறைவு, பிழைத்தால் வெட்டி ஒட்டலாம். எனக்கு இதில் ஒரு குறைதான்: வீசும்போது செட்டை அமரும் இடத்தில் வரும் முறுக்கைப் பெட்டியின் மூலைகள் நீண்ட நாளுக்குத் தாங்குவதில்லை. கொழும்பின் ஈரக் காற்றில் ஆறு மாதம் கிடந்த பல்சா வேறு குணம் காட்டும். முதல் தடவை கட்டுகிறவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். மரத்தைத் தாழ்வாக நினைக்கவும் தேவையில்லை. முழுதும் கண்ணாடி இழையில் கட்டிய முதல் ஆளேறும் கிளைடர் என்று பேர்பெற்ற ஃபீனிக்ஸ் 1957 இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உருவானபோது, அதன் ஓட்டுக்கு நடுவே வைத்தது பல்சாவைத்தான்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். போமில் கூட்டின் வடிவத்தைச் செதுக்கி, அதன்மேல் இழைத்துணியை எபொக்சி என்ற இருபாகப் பசையில் தோய்த்து ஒட்டி, இறுகியபின் உள்ளிருக்கும் போமை எடுத்துவிடுவது. மோல்ட் தேவையில்லை. ஒரு போம் துண்டுக்கு ஒரு கூடு.

இதில் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வருடத்துக்கு முன் புறக்கோட்டையில் ஒரு கடையில் "பைபர் ரெசின்" என்று கேட்டேன். போத்தலும் ஹார்ட்னரும் ஒரு சுருள் கண்ணாடி இழைப் பாயும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து, இரண்டு இரவு கண்விழித்துச் செதுக்கிய ரெஜிபோம் கூட்டின்மேல் தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்தேன். தூரிகை போன தடத்திலேயே போம் குழிந்தது. சொட்டு விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம். பத்து நிமிடத்தில் கூடு இருந்த இடத்தில் பிசுபிசுவென்று ஒரு வெள்ளைக் களி. எனக்குக் கிடைத்தது பொலியெஸ்டர் ரெசின். வள்ளமும் முச்சக்கரவண்டி உறுப்பும் திருத்துகிறவர்களுக்கு அதுதான் வேண்டும், கடைக்காரரில் பிழையில்லை. அதில் இருக்கும் ஸ்டைரீன் போமைத் தின்றுவிடும். எபொக்சி தின்னாது. கடையில் இந்த ஒரு சொல்லைத் திருத்திக் கேட்டிருந்தால் இரண்டு இரவு மிஞ்சியிருக்கும்.

அந்த இழைப் பாயும் வேலைக்கு உதவாது. வெட்டிய இழையைக் கண்டபடி பரப்பிய பாய் அது; சதுர மீற்றருக்கு 300 கிராம் என்றால், அதை நனைக்க இரண்டு மடங்கு ரெசின் குடிக்கும். நம்முடைய கூட்டுக்கு ஒரு படை போட்டாலே 45 கிராமைத் தாண்டும். நெய்த துணிதான் வேண்டும். சதுர மீற்றருக்கு 80 கிராம் கண்ணாடித் துணி இரண்டு படை, அதே எடைக்கு ரெசின் என்று வைத்தால், கூடு 17 கிராம். மூக்குக்கும் செட்டை அமரும் இடத்துக்கும் ஒட்டுப்படை போட்டால் இருபதைத் தொடும்.

செய்முறை இப்படி. ரெஜிபோமைவிட, மணி மணியாக உதிராத நீல நிறப் போம் கிடைத்தால் நல்லது. பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் மட்டையில் வெட்டி ஒட்டி, அந்தக் கோட்டுக்கு அறுத்து, மூலைகளைச் சாண்ட்பேப்பரால் உருட்ட வேண்டும். துணி கனம் மெல்லியது, அரை மில்லிமீற்றர்கூட வராது. ஆகவே சேர்வோவும் பற்றரியும் உள்ளே போகுமா என்பதைப் போமை அளந்தே முடிவு செய்யலாம். பிறகு பார்சல் டேப்பை மேலே வழுவழுவென்று சுற்ற வேண்டும். போமை எடுக்கும்போது ரெசின் அதில் ஒட்டாமல் கழன்றுவர அது உதவும்.

துணியை நூலோட்டம் 45 பாகை சரிவாக வரும்படி வெட்டுங்கள். முறுக்கைத் தாங்குவதும் அதுதான், வளைவில் மடிப்பு விழாமல் படிவதும் அதுதான். எபொக்சியைக் கண்ணளவில் கலக்க வேண்டாம். தராசில் நிறுத்து, போத்தலில் எழுதியிருக்கும் விகிதத்தில் கலக்குங்கள். நம்முடைய 30 பாகை வெயில் காலத்தில் ஒரே கோப்பையில் நிறையக் கலந்தால் அது தானே சூடேறிக் கட்டியாகிவிடும். 15 கிராம் 15 கிராமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றி வைத்தால் நேரம் கிடைக்கும். துணி நனைந்து கண்ணாடி போலத் தெளிந்ததும், பழைய தொலைபேசி அட்டையால் மிச்ச ரெசினை வழித்துவிட வேண்டும். இங்கே சோம்பல்பட்டால் 17 கிராம் 25 ஆகும். கையை நம்பாமல், எபொக்சி இறுகியபின் உரித்தெடுக்கும் கசிவுத் துணியையும் ரிசு பேப்பரையும் இறுக்கிச் சுற்றி ஒரு இரவு விட்டால், மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரைப் பம்பாக மாற்றி, பொலித்தீன் பைக்குள் காற்றை உறிஞ்சி அமுக்குகிறவர்களும் உண்டு; ஆனால் உள்ளே மென்மையான போம் இருக்கையில் அமுக்கம் கூடினால் கூடே நெளியும். ஒரு கூட்டுக்கு அந்த மினக்கேடு வேண்டியதில்லை.

மழை நாளில் இந்த வேலையை வைக்காதீர்கள். ஈரம் கூடினால் இறுகிய எபொக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த படையோ பெயின்ட்டோ போட்டால், பிறகு தோலாக உரியும்.

அடுத்த நாள், மூடி வரும் இடத்தை வெட்டித் திறந்து, போமைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, மிஞ்சியதை அசிற்றோன் கொஞ்சம் ஊற்றிக் கரைக்கலாம். கரைந்ததும் உடனே கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். நெடுநேரம் விட்டால் எபொக்சியும் இளகும். பல்கனியில் வைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். எங்கள் கீழ்வீட்டு மாமி இந்த மணத்துக்கு இரண்டு தரம் மேலே ஏறி வந்திருக்கிறார்.

இந்த வழியின் ஒளிந்திருக்கும் செலவு வெளிப்புறம். துணியின் நெசவு வெளியே தெரியும், அங்கங்கே மேடு பள்ளம் இருக்கும். பளபளப்பாக்க நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் எடை ஏறும். என் மூன்றாவது கூடு 19 கிராமில் பிறந்து, பெயின்ட்டுக்குப் பிறகு 27 இல் நின்றது. முன்னே சொன்ன கணக்குப்படி அதில் பாதி ஈயத்தில் கழிந்தது என்றாலும், இப்போது நான் நெசவு தெரியவே விட்டுவிடுகிறேன். காற்றுக்கு அழகு தெரியாது.

மூன்றாவது, தம்பி கேட்ட மோல்ட். இதில் வரும் பொருள் அருமையானது. வெளிப்புறம் மோல்டிலிருந்தே வழுவழுப்பாக வரும், பத்து வார்த்தாலும் பத்தும் ஒரே எடைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் பாதையைப் பாருங்கள். முதலில் அச்சுருவை மரத்திலோ போமிலோ செய்து 400, 800, 1200 என்று இலக்கம் கூடிய சாண்ட்பேப்பரால் நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஐந்தாறு தரம் மெழுகு. நடுக்கோட்டில் பலகை வைத்து, இடுக்கைக் களியால் அடைத்து, ஒரு பாதிக்கு ஜெல்கோட் என்ற வழுவழுப்பான ரெசின் பூச்சும் ஏழெட்டுப் படைத் துணியும். அது இறுகியபின் மறுபாதி. அதற்குப் பிறகுதான் முதல் கூடு: இரண்டு பாதியிலும் துணி போட்டு, ஓரத்தில் ஒட்டுப்பட்டி விட்டு, மூடி, உள்ளே நீளப் பலூனை ஊதி அமுக்கி எடுக்க வேண்டும். வார இறுதி மட்டும் கிடைக்கும் ஆளுக்கு ஒரு மாதம் சாதாரணமாகப் போகும். அதோடு, முதல் கூடு பெரும்பாலும் பலூன் வெடித்துப் பாழாகும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரே கூட்டுக்கு மோல்ட் செய்வது, ஒரு நாள் விருந்துக்குக் கிடாரம் வாங்குவது மாதிரி. மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே விமானம் கட்டுவது என்றால் மட்டும் நான் மெழுகுப் பேணியைத் திறப்பேன்.

3டி பிரின்ட் பற்றிச் சுருக்கமாக. சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் ஒற்றைச் சுவர் 0.4 மில்லிமீற்றரில் அடித்தால் கூடு 26 கிராம் வரும், எடையில் பிழையில்லை. ஆனால் படைக்குப் படை ஒட்டும் இடத்தில் அது பிளக்கும், வீசும் முறுக்கு அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். மற்றது, பிஎல்ஏ 60 பாகையில் இளகும். மூடிய காரின் பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு நண்பகல் விட்டுவிட்டு வந்து பாருங்கள், மூக்கு வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். சேர்வோத் தட்டு, மூடியின் கொழுவி போன்ற சில்லறைச் சாமானுக்கு மிக நல்லது.

இனி வால்தண்டு. உண்மையான முடிவு இங்கேதான்.

900 மில்லிமீற்றர் நீளம், சராசரி 12 மில்லிமீற்றர் விட்டம், 0.4 மில்லிமீற்றர் சுவர் உள்ள காபன் குழாய் ஏறத்தாழ 20 கிராம். நம்மூரில் எல்லோரும் முதலில் கைவைப்பது தூண்டில் தடியில். கடைக்குப் போனால் காபன் என்று எழுதியிருக்கும். பாதிக்கு மேல் கண்ணாடி இழையாக இருக்கும். அதே நீளத் துண்டு 40 கிராம் நிறுக்கும். கூடிய 20 கிராம் புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் 380 மில்லிமீற்றரில் இருக்கிறது என்றால், சமன் செய்ய மூக்கில் 29 கிராம் ஈயம். மொத்தம் 49 கிராம். 270 கிராம் விமானம் 319 ஆகிவிடும். கீழே இறங்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு கூடுவதால், ஒவ்வொரு பறப்பிலும் ஏறத்தாழ 9 சதவீதம் வேகமாகக் கீழே வருவீர்கள். ஒரு மலிவுத் தடிக்குக் கொடுக்கும் விலை இது. கூட்டைப் பல்சாவில் செய்தாலும் போமில் செய்தாலும் இந்த அளவு வித்தியாசம் வராது.

எல்லாத் தூண்டில் தடியும் கூடாது என்றும் சொல்லமாட்டேன். வளையம் இல்லாத, ஒன்றுக்குள் ஒன்று போகும் நீளத் தடிகளில் மெல்லிய சுவருள்ள துண்டுகள் இருக்கின்றன. தராசைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கடைக்காரர் முதலில் முறைப்பார், பிறகு அவரே ஒவ்வொன்றாகக் கழற்றித் தருவார். நிறுத்துப் பார்த்தபின் குழாயை விரலால் அமத்திப் பாருங்கள், இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். இந்தத் தடிகளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் மட்டும் ஓடும். வளைவுக்குப் பலம், முறுக்குக்கும் நசுங்கலுக்கும் பலவீனம். சதுர மீற்றருக்கு 25 கிராம் கண்ணாடித் துணியை 45 பாகையில் ஒரு சுற்றுச் சுற்றினால் 2 கிராம் கூடும், பிளவு விழாமல் காக்கும்.

தானே உருட்டிச் செய்வது இன்னொரு வழி. நுனி சிறுத்துப்போகும் அலுமினியக் கோலில் மெழுகு பூசி, காபன் துணியைச் சுற்றி, சுருங்கும் டேப்பால் இறுக்குவது. உருட்டுவது சுகம், கோலைக் கழற்றுவதுதான் வில்லங்கம். நுனி சிறுத்திருந்தால் ஒரு தட்டில் அசைந்து, அப்புறம் வழுக்கி வரும். ஒரே விட்டக் கோலில் சுற்றியவர் கோலோடு சேர்த்துத்தான் பறக்கவிட வேண்டும். பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

எடுப்பிப்பது? வால்தண்டை மட்டும் எடுப்பியுங்கள், முழு உடலை வேண்டாம். 2022 இல் ரூபா விழுந்ததிலிருந்து, முழு உடலின் விலையோடு அனுப்புக் கூலியும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் மனசு கேட்காது. மீற்றர் நீளப் பெட்டிக்கு அனுப்புக் கூலி கூட, ஆனால் ஒரு குழாய்க்கும் நாலு குழாய்க்கும் பெரிதாக வித்தியாசம் வராது. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் பாரம் குறையும். ஒன்றை உபரியாகச் சேருங்கள். வழியில் ஒன்று நசுங்கி வருவது புதினமில்லை.

இரண்டு எச்சரிக்கை. கூட்டையும் காபனில் செய்தால் பலமாயிருக்குமே என்று தோன்றும். காபன் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மறைத்துவிடும். ரிசீவர் உள்ளே குருடாகிக் கிடக்கும். கூடு கண்ணாடி இழையாகவோ கெவ்லாராகவோ இருக்கட்டும். கெவ்லார் மோதலில் உடையாமல் தாங்கும், ஆனால் தேய்த்தால் பஞ்சாகப் பிரியும், சாதாரணக் கத்தரிக்கோல் அதில் வழுக்கும். அதை மூக்கில் உட்படையாக வைத்து, வெளியே கண்ணாடித் துணி போடுங்கள். மற்றது வெயில். அறைச்சூட்டில் இறுகிய எபொக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். கறுப்புக் குழாய் வயலில் வெயிலுக்குக் கிடந்தால் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமில்லை. பறக்காத நேரம் ஒரு வெள்ளைத் துவாய் போட்டு மூடினால் போதும்.

தம்பிக்கு இவ்வளவும் சொல்லி முடிக்க, அவன் உடைந்த துண்டுகளில் வால்தண்டை எடுத்துத் தராசில் வைத்தான். 38 கிராம். கூட்டின் மூக்கைத் தட்ட, உள்ளே சிலிக்கனில் ஒட்டியிருந்த ஈயம் கழன்று மேசையில் விழுந்தது, அது 26. இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப மோல்ட் வேண்டாம்" என்றான். குழாய் இரண்டுக்கு ஓடர் போட்டாயிற்று. அது வந்து சேர மட்டும் நீலப் போமை அறுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்து வெப்பக்காற்று மேலெழும் நாட்கள் தொடங்கிவிடும். அசிற்றோன் ஊற்றும் வேலையை மட்டும் தெஹிவளையிலேயே முடித்துக்கொண்டு வரட்டும். மாமி மூன்றாம் தரம் ஏறி வந்தால் நான் தாங்கமாட்டேன்.